மகளின் முன்கையில் கீறல்கள்: பார்த்த அன்றைய இரவிலிருந்து அடுத்த ஆறு மாதம் வரை

கேள்வி இது: "பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகளுக்கு 15 வயது, எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறாள். இடது முன்கையில் வரிசையாகக் கீறல் தழும்புகள். வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். கேட்டால் பூனை பிறாண்டியது என்கிறாள். கணவர் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு தினமும் கையை நீட்டச் சொல்கிறார். மாமியார் காத்துக்கருப்பு என்கிறார். பக்கத்து வீட்டில் 'எல்லாம் நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கத்தான்' என்கிறார்கள். இணையத்தில் தேடினால் பிறப்புறுப்பையே சிதைத்துக்கொள்பவர்களைப் பற்றியெல்லாம் வருகிறது, பயமாக இருக்கிறது. இவள் சாகப் பார்க்கிறாளா? புத்தி பேதலித்துவிட்டதா? ஆவணியில் என் தம்பிக்குக் கல்யாணம், கை வெளியே தெரியுமே, என்ன செய்வது?"

கீறுவதை இன்றைக்கே எப்படி நிறுத்துவது என்றுதான் எந்தப் பெற்றோருக்கும் முதலில் தோன்றும். அதற்கும் முந்திய வேலை ஒன்று இருக்கிறது: அவள் உங்களிடம் மறைக்காமல் இருக்க வேண்டும். மறைத்துச் செய்யும் காயம் முன்கையிலிருந்து தொடைக்கும் வயிற்றுக்கும் போய்விடும். கழுவாமல், கட்டாமல் சீழ் பிடிக்கும். எல்லாவற்றையும்விட, நிலைமை கைமீறும் ஓர் இரவில் நீங்கள் அடுத்த அறையில் இருந்தும் அவள் கூப்பிட மாட்டாள். போனைப் பிடுங்குவதும், தினமும் கையை நீட்டச் சொல்லிச் சோதிப்பதும் அவளை மறைக்கத்தான் பழக்குகின்றன. கீழே வரும் ஒவ்வொன்றையும் இந்த ஓர் அளவுகோலில் வைத்துப் பாருங்கள்: இதைச் செய்தால் அடுத்த முறை என்னிடம் சொல்வாளா, மாட்டாளா?

இன்று இரவே பேசலாம். மாமியாரும் கணவரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பாருங்கள். நேருக்கு நேர் உட்கார்த்தி விசாரிப்பதைவிட, இரண்டு பேரும் துணி மடித்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ பேசுவது அவளுக்குச் சுலபம். கண்ணைப் பார்க்க வேண்டாம், கைக்கும் ஒரு வேலை இருக்கும். "உன் கையைப் பார்த்தேன். பூனை இல்லைன்னு தெரியும். திட்ட வரலை. ரொம்பக் கஷ்டப்பட்டிருந்தாத்தான் இப்படி ஆகும். சொல்லணும்னு தோணும்போது சொல்லு, நான் இருக்கேன்." முதல் நாளுக்கு இது போதும். அழுகை வந்தால் அழலாம். ஆனால் "உன்னால நான் செத்துடுவேன்", "உனக்கு என்ன குறை வெச்சோம்" இரண்டும் வாயில் வரக்கூடாது. முதலாவது உங்கள் உயிரின் பாரத்தையும் அவள் தலையில் ஏற்றும். இரண்டாவது, அவள் சொல்லப்போகும் எதையும் நன்றிகெட்ட பேச்சாக்கிவிடும். "ஏன் இப்படிப் பண்ணினே?" என்பதும் வேண்டாம். பிள்ளைகள் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வரும்.

அடுத்த கேள்வியைக் கேட்கத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள்: "செத்துப் போகணும்னு தோணியிருக்கா?" இதே சொற்களில், சுற்றி வளைக்காமல் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கொடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். நியூயார்க் மாநிலத்தில் 6 உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரிடம் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டார்கள், மற்றவர்களிடம் கேட்கவில்லை. 2005-இல் வெளியான அந்த முடிவின்படி, கேட்கப்பட்டவர்களின் மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. "ஆமாம்" என்று சொன்னால், எப்படி என்று யோசித்திருக்கிறாளா, எப்போது என்று மனத்தில் வைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். அதற்கும் ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே, அது நடுராத்திரியாக இருந்தாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாகப் பார்க்கிறாளா என்ற உங்கள் கேள்விக்குக் கீறலின் ஆழத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது, கேட்டால்தான் தெரியும். பெரும்பாலான பிள்ளைகள் சாக வேண்டும் என்று இதைச் செய்வதில்லை. தாங்க முடியாத ஒரு நேரத்தைத் தாண்டச் செய்கிறார்கள். மருத்துவத்தில் இதைத் தற்கொலை நோக்கமற்ற தன்காயம் என்று தனியாகவே பிரித்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில், இது மேலும் ஆராய வேண்டிய நிலைகளில் ஒன்றாக இடம்பெற்றது. ஓர் ஆண்டில் 5 நாட்களோ அதற்கு மேலோ நடந்திருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். ஆனால் நோக்கம் வேறு என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்குப் பிற்காலத்தில் தற்கொலை முயற்சிக்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அடிப்படை வேதனை ஒன்றே என்பது ஒரு காரணம். திரும்பத் திரும்ப வலியைச் சந்திப்பதில் உடம்புக்கு இயல்பாக உள்ள பயம் மழுங்கிப்போகிறது என்பது இன்னொன்று. அதனால் இந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். மனம் கனத்துத் தெரியும் நாளிலெல்லாம் கேளுங்கள்.

பக்கத்து வீட்டார் சொன்னதற்கு வருவோம். திரும்பிப் பார்க்க வைக்கத்தான் என்றால் வெயிலில் முழுக்கைச் சட்டை எதற்கு? இதற்கு என்னென்ன காரணங்கள் என்பதை மேத்யூ நாக், மிட்செல் பிரின்ஸ்டீன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2004-இல் நான்காகப் பிரித்தார்கள்: தாங்க முடியாத உணர்வைக் குறைக்க, மரத்துப்போன மனத்தில் ஏதாவது ஒன்றை உணர, பிறரிடமிருந்து எதையாவது பெற, வேண்டாத சூழலிலிருந்து தப்பிக்க. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் பலவற்றிலும் முதல் காரணமே முதலிடத்தில் நிற்கிறது. பிறருக்குக் காட்டத்தான் செய்கிறேன் என்பவர்கள் சிறுபான்மைதான். அப்படி ஒரு பிள்ளை செய்தாலும், வாயால் கேட்டபோது கிடைக்காத ஒன்றைத்தானே அது உடம்பால் கேட்கிறது? கவனம் வேண்டியிருக்கிறது என்றால் கவனிக்கத்தான் வேண்டும்.

காயம் எப்படி நிம்மதி தரும் என்பதுதான் பெற்றோருக்குக் கடைசிவரை விளங்காதது. அதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோபம் போய்விடும். உடம்பு வலி நிற்கும் அந்தக் கணத்தில், வலி வருவதற்கு முன்பு இருந்ததைவிட ஒரு படி மேலான ஆறுதல் மனத்துக்குக் கிடைக்கிறது. இது எல்லோருக்கும் நடப்பதுதான். தன்னைக் காயப்படுத்தியே அறியாதவர்களிடமும் ஆய்வகத்தில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அவமானத்திலும் கோபத்திலும் கொதித்துக்கொண்டிருக்கும் பிள்ளை, தற்செயலாக ஒரு நாள் இந்த வழியைக் கண்டுபிடிக்கிறது. கொதிப்பு சட்டென்று அடங்குகிறது. அடுத்த தடவை அதே கொதிப்பு வரும்போது மூளை அதே வழியைக் காட்டுகிறது. உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் வலிநிவாரணிப் பொருட்களின் அளவு இவர்களிடம் குறைவாக இருக்கலாம் என்று தண்டுவட நீரைச் சோதித்த ஆய்வு ஒன்றும் உண்டு. அது மட்டுமே காரணம் என்று கொள்ள முடியாது. ஆறுதல் போன சில நிமிடங்களில் வெட்கமும் குற்றவுணர்வும் வந்துவிடும். அவை அடுத்த கொதிப்புக்கு விறகு. வீட்டில் விழும் ஒவ்வொரு வசவும் அந்த விறகுக் கட்டில்தான் சேரும்.

புத்தி பேதலிக்கவில்லை. உலகெங்கும் எடுத்த ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2014-இல் கணக்கிட்டபோது, வளரிளம் பருவத்தினரில் சுமார் 17 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்படிச் செய்திருந்தார்கள். 40 பேர் படிக்கும் வகுப்பில் ஆறேழு பேர். பெரும்பாலும் தொடங்குவது 13, 14 வயதில். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1,943 பிள்ளைகளைப் பள்ளிக் காலத்திலிருந்து இளமைப் பருவம் வரை தொடர்ந்து பார்த்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பருவத்தில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் இருபதுகளின் இறுதிக்குள் நிறுத்தியிருந்தார்கள். நம்பிக்கைக்கு இது போதும். ஆனால் சும்மா இருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று இதைப் படித்துவிடாதீர்கள். பின்னால் இருக்கும் மனச்சோர்வும் பதற்றமும் அவ்வளவு எளிதில் போவதில்லை.

மாமியாருக்கும் ஒரு பதில் வேண்டும், அவரும் அதே வீட்டில்தானே இருக்கிறார். தைப்பூசத்தில் அலகு குத்திக்கொள்வதைப் பார்த்த குடும்பங்களுக்கு, உடம்பைத் துளைப்பது என்றதும் சாமியும் பேயும் நினைவுக்கு வருவது இயல்பு. மனநல மருத்துவரான ஆர்மாண்டோ ஃபவாஸா, ஒரு சமூகம் ஏற்று நடத்தும் சடங்குக் காயத்தையும் தனிமனித வேதனையின் காயத்தையும் தனித்தனியாக வைத்தார். அலகு குத்துபவர் நாள் குறித்து, விரதமிருந்து, ஊர் கூடி நிற்க, வேண்டுதலை நிறைவேற்றுகிறார். முடிந்ததும் மாலை விழுகிறது. உங்கள் மகள் யாரும் பார்க்காமல், நாள் கிழமை இல்லாமல் செய்கிறாள். முடிந்ததும் அவளுக்கு வெட்கம்தான் மிச்சம். கோயிலுக்குக் கூட்டிப்போவதில் தவறே இல்லை, அவளுக்கு விருப்பம் இருந்தால். பேய் ஓட்டுகிறேன் என்று அடிப்பது, கட்டிப்போடுவது, பட்டினி போடுவது எதுவும் கூடாது. மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே தடை செய்திருக்கிறது.

இப்போது காயம். புதிய காயத்தைக் காட்டினால் முதலில் உங்கள் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான துணியை மடித்து வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் அப்போதுதான் உறையும் ரத்தம் பிய்ந்துபோகும், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். நின்றதும் குழாய்த் தண்ணீர் ஓடவிட்டுச் சில நிமிடம் கழுவுங்கள். சுற்றியுள்ள தோலுக்கு மட்டும் சோப்பு. ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், ஆறும் திசுவையே எரிக்கும். மஞ்சள் தூளும் காபித்தூளும் நம் வீடுகளில் கை போகும் முதல் பொருட்கள். இரண்டும் காயத்துக்குள் கிருமியோடு தங்கி, தையல் போடும் மருத்துவருக்குச் சுரண்டி எடுக்கும் வேலை வைக்கும். வாசலின் மெல்லிதாகத் தடவி, ஒட்டாத கட்டுத்துணி வைத்துக் கட்டி, தினமும் ஒரு தடவை மாற்றினால் போதும். காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறும் என்பது தவறு, ஈரப்பதம் இருந்தால்தான் தோல் வேகமாக மூடும்.

10, 15 நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை, விளிம்புகள் வாய் பிளந்து நிற்கின்றன, உள்ளே மஞ்சளாகக் கொழுப்பு தெரிகிறது, விரல் மரத்திருக்கிறது அல்லது மடக்க முடியவில்லை என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். ரத்தம் பீய்ச்சி அடித்தால் அழுத்தியபடியே கிளம்புங்கள். அல்சூரிலிருந்து சிவாஜிநகர் பவுரிங் மருத்துவமனை பக்கம்தான். தையல் எவ்வளவு சீக்கிரம் விழுகிறதோ அவ்வளவு நல்லது, அன்றைக்கே முடித்துவிட வேண்டும். முன்கைத் தையலை 7 முதல் 10 நாளில் பிரிப்பார்கள். டெட்டனஸ் ஊசி 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டியது. 10 வயது ஊசி விட்டுப்போயிருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள். அழுக்குப் பட்ட காயமாக இருந்து, கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தாலும் ஒன்று தேவைப்படும். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிவப்பு பரவினால், சூடாக வீங்கினால், சீழோ காய்ச்சலோ வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். மாத்திரையோ வேறு எதையுமோ விழுங்கியிருந்தால், எவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல், நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நம்பாமல் உடனே ஓடுங்கள். சில மருந்துகள் முதல் நாள் எதுவும் காட்டாமல் இருந்து பிறகு கல்லீரலைக் கெடுக்கும். முறிமருந்து மிக நன்றாகப் பலிப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.

இந்தக் கடைசி வரிக்காகவே வீட்டில் ஒரு வேலையை இந்த வாரத்துக்குள் முடியுங்கள். பாட்டியின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, யாருக்கோ எழுதிக் கொடுத்து மீந்துபோன தூக்க மாத்திரை எல்லாம் குளிர்சாதனப்பெட்டி மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கிடக்கும். தேதி போனதை அப்புறப்படுத்துங்கள். மீதியைப் பீரோவில் பூட்டி, ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் வெளியே வையுங்கள். எலிமருந்து, பூச்சிமருந்து வீட்டிலேயே வேண்டாம். உயிரை எடுக்கும் எண்ணம் ஓர் உச்சத்துக்கு வந்து இறங்குவது. அந்த உச்சத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே பல சமயம் உயிரைத் தீர்மானிக்கிறது. குளியலறையில் கிடக்கும் சவர சாமான்களையும் எடுத்து வையுங்கள். அதை அவளிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்: "கொஞ்ச நாளைக்கு இதெல்லாம் என்கிட்ட இருக்கட்டும்." அவள் பையைத் துழாவுவதும் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றுவதும் வேறு வகை. முன்னது வீட்டைப் பாதுகாப்பாக வைப்பது, பின்னது அவளைக் கைதியாக்குவது. "இனிமேல் செய்ய மாட்டேன்" என்று சாமி படத்தின் முன் சத்தியம் வாங்காதீர்கள். அது உயிரைக் காக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. சத்தியம் உடைந்த நாளில் அவள் சொல்லாமல் இருக்க உங்கள் கையாலேயே ஒரு காரணம் கொடுத்ததாகிவிடும்.

அதற்குப் பதிலாக ஒரு தாளில் அவளோடு உட்கார்ந்து எழுதுங்கள். ஸ்டான்லி, பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்த பாதுகாப்புத் திட்டம் இது: கொதிப்பு ஏறுகிறது என்பதற்கு என் அடையாளங்கள் எவை, தனியாக நான் என்ன செய்து பார்க்கலாம், யாரோடு இருந்தால் மனம் திரும்பும், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த மருத்துவரை, எந்த எண்ணை அழைக்கலாம், என்ன பொருட்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தியிருக்கிறோம். அவள் சொற்களில், அவள் கையெழுத்தில் இருக்க வேண்டும். அவளுக்குக் கன்னடமோ ஆங்கிலமோ எழுத வசதி என்றால் அப்படியே எழுதட்டும். ஒரு படம் எடுத்து அவள் போனில் வைக்கலாம். போனைத் திருப்பிக் கொடுக்க இது நல்ல காரணம்.

'தனியாக என்ன செய்யலாம்' என்ற இடத்தில் ரப்பர் பேண்டை மணிக்கட்டில் போட்டுச் சுண்டச் சொல்லும் ஆலோசனை இணையமெங்கும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வலிதான் மருந்து என்ற பாடத்தையே அது தொடர்கிறது. உடம்பின் கொதிப்பை நேராக இறக்கும் வழிகள் வேறு உண்டு. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கொஞ்சம் ஐஸ் கட்டி போட்டு, மூச்சைப் பிடித்துக் குனிந்து, கண்ணும் கன்னமும் நனைய முகத்தை 15 முதல் 30 விநாடி அமிழ்த்த வேண்டும். இரண்டு மூன்று தடவை செய்யலாம். நீரில் மூழ்கும்போது இதயத்துடிப்பு தானாகக் குறையும் பழைய உடலியல் எதிர்வினை இது, ஒரு நிமிடத்துக்குள் தெரியும். இதயக் கோளாறு இருந்தாலோ, சாப்பிடாமல் உடம்பு மெலிந்திருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது. 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடுவது, ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளமாக இருப்பதில்தான் விஷயம். மாடிப்படியை மூச்சு வாங்க ஏறி இறங்குவது இன்னொன்று. பிள்ளைகளின் கையில் சிறு கருவி கொடுத்து அந்தந்த நேரத்திலேயே பதியச் சொன்ன 2009 ஆய்வில், காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பெரும்பாலும் அரை மணிக்குள் கடந்துபோயிருந்தது. அந்த அரை மணியைத் தாண்டுவதற்குத்தான் இத்தனையும். அமைதியான ஒரு நாளில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு முறை செய்து பழகுங்கள். கொதிக்கும்போது புதிதாக எதையும் கற்க முடியாது.

சிகிச்சைக்கு வருவோம். இதைக் குறைப்பதற்கென்றே ஒரு மாத்திரை கிடையாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைக் குறைக்கும் தனி சிகிச்சையாக மருந்தைக் கொடுக்காதீர்கள் என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022 வழிகாட்டுதலில் சொல்கிறது. மதிப்பெண் போட்டு யார் சாவார்கள் என்று கணிக்கும் படிவங்களையும் நம்ப வேண்டாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. மனச்சோர்வு கூடவே இருந்தால் மனநல மருத்துவர் ஃபுளூயாக்ஸெட்டின் போன்ற மருந்தை எழுதலாம். அது வேலை செய்ய சில வாரங்கள் ஆகும். தொடக்க வாரங்களில் பரபரப்பு, தூக்கமின்மை, சாக வேண்டும் என்ற எண்ணம் கூடுகிறதா என்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மருந்தோடு வரும் குறிப்பிலேயே இந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டி அச்சிட வேண்டும் என்று 2004-இல் உத்தரவானது. பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரை அழையுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அல்பிரஸோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இந்த வயதில் அது சிலருக்கு இருக்கும் கட்டுப்பாட்டையும் தளர்த்திவிடும்.

நல்ல ஆதாரமுள்ள பேச்சு சிகிச்சை டி.பி.டி. எனப்படும் இயங்கியல் நடத்தை சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைனஹன் உருவாக்கியது. நார்வேயில் 77 பிள்ளைகளிடம் 19 வாரம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வும், அமெரிக்காவில் 173 பிள்ளைகளிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வும், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது இதில் கூடுதலாகக் குறைந்ததைக் காட்டின. வாரம் ஒரு தனி அமர்வு, பெற்றோரும் சேர்ந்து கற்கும் குழு வகுப்பு, நடுவில் கொதிப்பு வந்தால் போனில் வழிகாட்டுதல் எனச் சுமார் ஆறு மாதம் போகும். பிள்ளை தினமும் ஒரு சிறு அட்டையில், தூண்டுதல் 0 முதல் 5 வரை எவ்வளவு என்று குறிக்கும். காயம் நடந்த வாரத்தில் அந்த நாளைக் கணம் கணமாகப் பிரித்துப் பார்ப்பார்கள்: இரவு தூங்காமல் காலையில் எழுந்தது, டெஸ்ட் பேப்பர் கொடுத்தது, நண்பி பேசாமல் போனது, வீட்டில் "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்றது, பிறகு காயம். அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை அறுக்கலாம் என்பதுதான் வேலை. பெற்றோருக்குக் கற்றுத் தருவதில் முக்கியமானது, அவள் உணர்வை முதலில் ஒப்புக்கொள்வது. "இதுக்கெல்லாமா அழுவாங்க" என்பதற்குப் பதில் "அவ பேசாமப் போனது வலிச்சிருக்கும்." உணர்வை ஒப்புக்கொள்வதால் காயத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

பெங்களூரில் இருப்பதில் ஒரு வசதி, ஓசூர் ரோட்டில் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் இருக்கிறது. குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்குத் தனி மனநலத்துறை, இரவு பகல் அவசரப் பிரிவு இரண்டும் உண்டு. புறநோயாளிப் பிரிவில் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள். அதே நிறுவனத்தின் நலவாழ்வு மையம் பி.டி.எம். லேஅவுட்டில் இருக்கிறது. தனியாரிடம் போவதானால் மருத்துவ உளவியலாளருக்கு ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் சொல்வார்கள், தயங்காமல் கேளுங்கள். கவுன்சலர் என்று யாரும் பலகை மாட்டலாம். உங்களுக்குக் கன்னடமோ ஆங்கிலமோ சரளமாக வராது என்றால், பெற்றோர் அமர்வில் மகளையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய உங்கள் பயத்தையும் கோபத்தையும் அவளே வாயால் சொல்ல வேண்டிவரும். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று பதிவின்போதே சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, நிம்ஹான்ஸ்தான் தலைமை மையம். 24 மணி நேரமும் இலவசம், மொழியைத் தேர்ந்தெடுத்துத் தமிழிலும் பேசலாம். நீங்களும் அழைக்கலாம், பெற்றோருக்கும் அது தேவைப்படும் நாட்கள் வரும்.

அவள் பேசத் தொடங்கும்போது யாரோ தொட்டார்கள், தொந்தரவு செய்தார்கள் என்று வந்தால் அதிர்ச்சியைக் காட்டாமல் கேட்டு, "நீ சொன்னது நல்லது, தப்பு உன்னுது இல்லை" என்று முதலில் சொல்லுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி நடந்திருக்கும் என்பதில்லை. நடந்திருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் கட்டாயம்.

இணையத்தில் பார்த்துப் பயந்தது பற்றி. பிறப்புறுப்பையும் கண்ணையும் சிதைத்துக்கொள்வதை ஃபவாஸா 'பெரும் சிதைப்பு' என்று தனி வகையில் வைத்தார். மிக அரிது, உங்கள் மகளுடையது போன்ற மேலோட்டமான காயம் வளர்ந்து அங்கே போவதில்லை. தங்கள் பிறப்புறுப்பைச் சிதைத்துக்கொண்ட ஆண்கள் 53 பேரின் குறிப்புகளைத் தொகுத்த 1979 ஆய்வில் பெரும்பான்மையோர் மனப்பிறழ்வு நிலையில் இருந்தவர்கள். இத்தகைய பெரும் சிதைப்புகளில் சுமார் பாதி, மனச்சிதைவு நோய் முதன்முதலாக வந்து இன்னும் சிகிச்சை தொடங்காத காலத்திலேயே நடக்கிறது என்று 2009-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் யாராவது பல இரவு தூங்காமல், குரல் கட்டளையிடுகிறது, பாவத்துக்காக உறுப்பை இழக்க வேண்டும் என்று பேசினால் அன்றைக்கே அவசரப் பிரிவு. நடந்துவிட்டால் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். துண்டான பகுதியை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டால் திசு செத்துவிடும். நுண் அறுவையில் திரும்பப் பொருத்த வழி இருக்கிறது. உடம்பும் பாலினமும் பொருந்தாத வேதனையில் தன்னைக் காயப்படுத்துபவர்கள் இன்னொரு பிரிவு. அவர்களுக்குப் பேதலிப்பு இல்லை, பாலின மருத்துவம்தான் வேண்டும். அறுவை சிகிச்சைக்கு அரசு வசதி செய்ய வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் திருநர் சட்டம் சொல்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் பிறர் கையால் சடங்காகச் செய்யப்படும் பிறப்புறுப்புச் சிதைப்பு முற்றிலும் வேறு. அது ஒரு பிள்ளை மேல் இழைக்கப்படும் கொடுமை. யுனிசெஃப் 2024-இல் தந்த கணக்குப்படி, உலகில் 23 கோடிக்கு மேற்பட்ட பெண்கள் அதைச் சுமந்து வாழ்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமே என்று பல குடும்பங்கள் வீட்டிலேயே மூடி வைக்கின்றன. காயத்தோடு வந்தால் மருத்துவ-சட்டக் குறிப்பு எழுதுவது மருத்துவமனையின் வழக்கம், அதற்குப் பயப்பட வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. பள்ளியில் வகுப்பாசிரியர் அல்லது கவுன்சலர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். யாரிடம், எவ்வளவு சொல்லலாம் என்று மகளைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பி.டி. வகுப்பில் முழுக்கைக்கு அனுமதி வாங்கிக் கொடுங்கள்.

ஆவணிக் கல்யாணம். முழுமையாக மூடிய தழும்பின் மேல் சிலிக்கோன் ஜெல் தினமும் இரண்டு வேளை, இரண்டு மூன்று மாதம் தடவலாம். திறந்த காயத்தில் கூடாது. வெயில் பட்டால் தழும்பு கறுக்கும், எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் போடுங்கள். சிவப்பு மங்கி வெளுக்க ஒரு வருடம் ஆகலாம், கோடுகள் மங்கலாகத் தங்கவும் செய்யும். லேசர் பற்றித் தோல் மருத்துவரிடம் இப்போதே ஓட வேண்டாம், புதிய காயம் நின்று பல மாதம் போகட்டும். ரவிக்கைக்கு முக்கால் கையா, முழுக் கையா, ஒப்பனை போட்டு மறைப்பதா, அப்படியே விடுவதா என்று அவளிடம் கேளுங்கள், துணி எடுக்கப் போகும்போதே. சமையல்கட்டில் பெரியம்மா யாராவது கையைப் பிடித்து "என்னடி இது?" என்றால் என்ன சொல்வது என்றும் இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வையுங்கள். "அது பழசு, பெரியம்மா" என்று அவள் சொல்ல, நீங்கள் "வாடி, பூ வைக்கணும்" என்று கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.